பி.வி.சி. அறுக்க ஏற்ற பிளேடு எது?

கருவி சிறிதாயினும் அதன் தேர்வு சிறிதன்று. தருமபுரி மாவட்டத்தில் மாவுக்கும் தக்காளிக்கும் மல்பெரிக்கும் சொட்டு நீர்ப் பாசனம் பரவி வரும் இந்நாளில், பி.வி.சி. குழாயை அறுக்க நேராத தோட்டம் அரிது. வீடுகளிலும் கூரைக்கு அடியிலும் சுவர்களிலும் பி.வி.சி. பலகை பொருத்தும் வழக்கம் வந்துவிட்டது. ஆயினும் இவற்றை எந்த பிளேடால் அறுப்பது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் பொருள் கெடுகிறது. சில வேளை கையும் கெடுகிறது.

இன்று பலரிடமும் உள்ள கட்டிங் மிஷின், நான்கு அங்குல வட்டுடன் நிமிடத்திற்கு ஏறக்குறைய 11,000 சுற்றுகள் சுழல்வது. அதில் மரம் அறுக்கும் பல் வட்டை மாட்டிக் குழாயை அறுப்பது கொடிய பழக்கமாகும். பல் சிக்கினால் இயந்திரம் கணப்பொழுதில் கைமேல் எகிறும். காப்பு மூடியையும் கழற்றி வைத்திருப்பவருக்குத் தப்ப வழியில்லை. கல் வட்டும் இதற்கு ஏற்றதன்று. அதன் வெப்பத்தால் பி.வி.சி. உருகி ஒட்டும், புகையும் எழும்.

குழாய்க்கு உகந்தது கையால் அறுக்கும் ஆக்சா பிளேடே. அங்குலத்திற்கு 18, 24, 32 பற்கள் என மூவகை பிளேடுகள் கடைகளில் கிடைக்கும். அறுபடும் சுவரின் கனத்திற்குள் மூன்று பற்களேனும் படிய வேண்டும் என்பது விதி. இரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள குழாயில் 24 பல் பிளேடின் இரண்டு பற்களே படியும்; 32 பல் பிளேடில் மூன்று படியும். ஆதலின் மெல்லிய குழாய்க்கு 32, கனத்த குழாய்க்கு 24 எனக் கொள்க.

பற்கள் முன்னோக்கி இருக்குமாறு பிளேடை இறுக மாட்டுதல் வேண்டும். குழாயின் இருபுறமும் தாங்கல் கொடுத்து, குழாயைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அழுத்தாமல் அறுத்தால் வெட்டு நேராக அமையும். வாயிலுள்ள பிசிறைச் சுரண்டி, துகளை அகற்றிய பின்னரே பசை தடவுக. உள்ளே தங்கிய துகள் சொட்டுவானை அடைக்கும். கோணல் வெட்டு கசியும். புளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாக, 2013-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தால் நல்ல நீர் பெறும் நாம், அதனை இணைப்பில் ஒழுக விடலாமா?

பலகைக்கும் நுண்பல் பிளேடே ஏற்றது. அமெரிக்காவில் வீட்டு வெளிச்சுவர்களை வினைல் தகடால் மூடுவர். அங்குள்ள தச்சர்கள் வட்ட ரம்பத்தில் நுண்பல் வட்டைத் தலைகீழாக மாட்டி மெதுவாக அறுப்பதுண்டு. பல் சிக்கித் தகடு உடையாதிருக்கவே இவ்வுபாயம். அவ்வாறு மாட்டிய வட்டால் வேறு எப்பொருளையும் அறுத்தலாகாது என்பது அங்குள்ள கண்டிப்பான எச்சரிக்கை. வட்ட ரம்பம் இல்லாத நமக்கு இவ்வுபாயம் வேண்டியதில்லை. கட்டிங் மிஷினில் இதனை முயலவே கூடாது.

நெசவு செய்யும் இல்லங்களில், தறியில் பாவு இருக்கும் அறைக்கு வெளியே அறுப்பதே நன்று. கண்ணாடியும் மூக்குத்துணியும் அணிக. துண்டுகளை எரித்தல் ஆகாது. ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு அதனின்று எழும்.

சங்கம்தோறும் ஓர் ஆக்சா சட்டமும் இருவகை பிளேடுகளும் பொதுவில் வைத்து, அங்கத்தினர்க்கு இரவல் தரலாம். செலவு சொற்பம், காக்கப்படுவதோ உழைக்கும் கை.