நெஞ்சினுள் ஒரு கோட்டை

குழந்தை இயேசுவின் புனித தெரசாள் 1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் காசநோயால் உயிர்நீத்தபோது அவருக்கு வயது 24. அந்நோயின் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882-இலேயே கண்டறிந்திருந்தார். ஆயினும் அன்று மருந்து இல்லை. இன்று மருந்து உண்டு. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. இல்லாதது துணிவுதான்.

சென்ற ஆண்டு வல்லக்கோட்டை அருகே, தொழிற்சாலைப் பணியாளர் ஐவர் தங்கியிருந்த வாடகை அறையொன்றைச் சந்திக்கச் சென்றோம். அவருள் ஓர் இளைஞர் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்று வினவினோம். "ஒரு மாதம் இருக்கும், ஃபாதர். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும்" என்றார். அவர் நெஞ்சினுள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை நம் குடும்பங்கள் அறிதல் நன்று.

காவலரும் கைதியும்

காக் கிருமியைக் கண்ட அதே 1882-இன் இறுதியில், இத்தாலியின் மெசினா நகரில் இரஷ்ய அறிஞர் மெச்னிகாவ், கண்ணாடிபோன்ற நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் ரோசா முட்களைச் செருகிவைத்தார். மறுநாள் காலை, நடமாடும் நுண்ணிய அணுக்கள் அம்முட்களைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளை விழுங்கும் இத்தகைய காவலர் நம் உடலிலும் உண்டு. இவற்றை விழுங்கணுக்கள் எனலாம். இந்த ஆய்வுக்காக மெச்னிகாவ் 1908-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் காசநோய்க் கிருமியையும் நம் நுரையீரலில் உள்ள விழுங்கணுக்கள் விழுங்குகின்றன. மற்றக் கிருமிகள் பல அத்துடன் அழிந்துபோகும். இதுவோ மெழுகுப் போர்வை போர்த்தது. விழுங்கிய காவலனுக்குள்ளேயே உயிர்பிழைத்துப் பெருகவல்லது. அபாயச் செய்தி பரவுகிறது; அழற்சி எழுகிறது. சில வாரங்களில் 'டி' அணுக்கள் என்னும் தேர்ந்த படை வந்து சேர்கிறது. தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறுவதால் இவற்றுக்கு அப்பெயர். இவை விழுங்கணுக்களைத் தூண்டி வலுப்படுத்த, எல்லாம் கூடிக் கிருமியைச் சுற்றி ஒரு மதிலை எழுப்புகின்றன. கிருமி முற்றும் அழியாவிடினும் சிறைப்படுகிறது. கிருமி தொற்றியவருள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் வாழ்நாள் முழுவதும் நோயுறாதிருப்பது இக்கோட்டையால்தான்.

மதில் இடியும்போது

காவலர் சோர்ந்தால் மதில் இடியும். போதிய உணவின்மை, நீரிழிவு, புகை, மது, எச்.ஐ.வி. ஆகியவை அவர்களைச் சோர்வடையச் செய்கின்றன. அப்போது காவலர் மூட்டிய அழற்சித் தீயே நுரையீரலை அரித்துக் குழியாக்குகிறது. அக்குழியிலிருந்து இருமலோடு வெளியேறும் கிருமி அடுத்தவரை நாடுகிறது.

"சிறுவயதில் ஊசி போட்டாயிற்றே" என்பர் சிலர். வல்லக்கோட்டை அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலேயே 1968-இல் பெரியதொரு பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு தொடங்கியது. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியதில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை எனத் தெரிந்தது. பச்சிளங்குழந்தைகளைக் கொடிய மூளைக்காய்ச்சல் வகையிலிருந்து காப்பதால் பிறந்தவுடன் அது இன்றும் போடப்படுகிறது. பெரியவர்கள் அதை நம்பி இருமலைப் புறக்கணித்தல் ஆகாது.

அரிசியும் பருப்பும்

ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளரின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் வழங்கி ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2023-இல் வெளியாயிற்று. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோயுற்றவர் தொகை, பெறாதவற்றைவிட 39 விழுக்காடு குறைந்திருந்தது. பிறரோடு பகிரும் ஒரு பிடி அரிசி, கண்ணுக்குத் தெரியாத அக்காவலரின் கையில் ஆயுதமாகிறது!

நோயாளியை ஒதுக்கிவைக்கவும் வேண்டுவதில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்துண்டவரும் மருத்துவ விடுதியில் தங்கியவரைப் போலவே குணமடைந்ததை 1959-இல் உலகுக்குக் காட்டியது. அவ்வீட்டாருக்கும் அதனால் நோய் மிகுந்துவிடவில்லை.

ஆகவே பெற்றோரே, இளைஞரே, இரண்டு வாரத்திற்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் எது தோன்றினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைப் பரிசோதியுங்கள். நோய் உறுதியானால், வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதமே உடல் தேறிவிடும். அப்போது மருந்தை நிறுத்துவதுதான் பேராபத்து. எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாய்த் திரும்பும்.

நாம் சந்தித்த இளைஞர் மறுவாரமே பரிசோதனைக்குச் சென்றார். நோய் உறுதியாயிற்று. நண்பர்கள் நால்வரும் தாமும் பரிசோதித்துக்கொண்டனர், அவரை வெளியேற்றவில்லை. சன்னலைத் திறந்துவைத்தனர்; தம் செலவில் நாள்தோறும் முட்டையும் பயறும் சமைத்துத் தந்தனர். ஆறாம் மாத முடிவில் அவர் குணமடைந்து திருப்பலிக்கு வந்தார். அந்நால்வருள் இருவர் நம் சமயத்தவர் அல்லர்.

ஓர் உறுப்பின் துயரை உடல் முழுவதும் தாங்குவதைப் பவுலடியார் கொரிந்தியருக்கு விளக்கினார். அப்பாடத்தை அந்தச் சிற்றறையில் நாம் கண்ணாரக் கண்டோம்.