துக்கம் கேட்க வந்த இசை
குரல்களின் கதை – 12

மேடையில் வயலின்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இசை தொடங்கிவிட்டது. அவர்கள் கை மட்டும் அசையாது. டபுள் பாஸ் ஒரே தாழ்ந்த சுரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் செல்லோக்களும் வயோலாக்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. கொயர் என்னும் பாடகர் குழு வாய் திறக்கும் நேரத்தில் வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன. முதல் பகுதி முடிய ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். அதுவரை வயலினுக்கு வேலையே இல்லை.

துக்க வீட்டுக்குள் நுழைகிறவர்கள் யாரும் உரக்கப் பேசுவதில்லை. பக்கத்தில் வந்து உட்காருவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள், பிறகுதான் பேச்சு. யோஹன்னஸ் பிராம்ஸின் ‘ஒரு ஜெர்மன் ரெக்வியம்’ கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வருகைதான் நினைவுக்கு வருகிறது.

ரெக்வியம் என்பது இறந்தவரின் ஆன்மா இளைப்பாற வேண்டி கத்தோலிக்கத் திருச்சபை லத்தீனில் நடத்திவந்த பூசை. மோட்சார்ட்டும் பெர்லியோஸும் இசையமைத்தது அந்த லத்தீன் வரிகளுக்குத்தான். இறுதித் தீர்ப்பு நாள், எக்காளம், நடுக்கம் எல்லாம் அதில் உண்டு. பிராம்ஸ் அதைத் தொடவில்லை. வடக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவர் அவர். மார்ட்டின் லூதர் ஜெர்மனில் மொழிபெயர்த்த பைபிளை எடுத்து, தனக்கு வேண்டிய வசனங்களைத் தானே பொறுக்கிக் கோத்தார். தீர்ப்பு நாளின் கோபத்துக்கு அதில் இடம் இல்லை. தொடங்குவதே துயரப்படுகிறவர்களுக்கான ஆறுதலில்தான். செத்தவருக்காகக் கடவுளிடம் மன்றாடுவதை விட்டு, இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது இந்த இசை. தலைப்பில் உள்ள ‘ஜெர்மன்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘மனித’ என்று வைத்தாலும் தனக்குச் சம்மதமே என்று பிராம்ஸ் ஒரு கடிதத்தில் எழுதினார். சரியான சொல் அதுதான் என்று நானும் நினைக்கிறேன்.

எந்தத் துக்கம் இதை எழுத வைத்தது? இரண்டைச் சொல்ல வேண்டும். 1854 பிப்ரவரியில், அவரை உலகுக்கு அறிமுகப்படுத்திய ராபர்ட் ஷூமன் மனம் கலங்கி ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றப்பட்டாலும் மனநோய் இல்லத்திலேயே இரண்டு வருடம் கழித்து இறந்துபோனார். அந்த 1854இல், இருபது வயது பிராம்ஸ் இரண்டு பியானோக்களுக்காக ஒரு சொனாட்டா எழுத ஆரம்பித்துக் கைவிட்டார். அதிலிருந்த ஒரு மெட்டுதான் பிற்பாடு ரெக்வியத்தின் இரண்டாம் பகுதியானது. அடுத்தது 1865 பிப்ரவரி. வியன்னாவில் இருந்த பிராம்ஸுக்கு ஹாம்பர்க்கிலிருந்து செய்தி வந்தது. ஓடினார். அம்மா கிறிஸ்டியானேவின் உயிர் அதற்குள் போய்விட்டிருந்தது. இசை எழுதப்பட்டது அம்மாவுக்காகத்தான் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதில்லை. நெருங்கியவர்கள் அப்படித்தான் எண்ணினார்கள்.

அந்த இரண்டாம் பகுதியைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். சவ ஊர்வல நடைதான், ஆனால் மூன்று எண்ணிக்கையில் போகிறது. இரண்டு காலால் நடக்கிற மனிதனுக்கு மூன்றில் நடப்பது எப்படி இருக்கும்? ஒவ்வொரு சுற்றிலும் கால் மாறுகிறது, நடை தடுமாறுகிறது. கீழே டிம்பானி முரசு அடங்கிய குரலில் தட்டிக்கொண்டே இருக்கிறது. கொயரின் குரல்கள் பிரியாமல் ஒரே மெட்டை மெதுவாகப் பாடுகின்றன. மனிதனைப் புல்லுக்கு ஒப்பிடும் வரிகள். வாத்தியங்கள் பெருகிப் பெருகி எழ, அதே மெட்டு, அதே சொற்கள், இப்போது முழுத் தொண்டையில் திரும்பி வருகின்றன. முதலில் முணுமுணுத்ததுதான் இரண்டாவதில் அலறலாகிறது. அழுகையை அடக்கி அடக்கி வைத்திருந்து உடைகிறவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும்.

மூன்றாம் பகுதியில் பாரிடோன் என்ற ஆண் தனிக்குரல், வாழ்வின் அளவைக் காட்டச் சொல்லிக் கேட்கிறது. பதிலாக வருகிறது ஒரு ஃபியூக்: ஒரு குரல் தொடங்கிய மெட்டை அடுத்தடுத்த குரல்கள் பிடித்துக்கொண்டு துரத்தும் அமைப்பு. மேலே இத்தனை ஓட்டம் நடக்க, அடியில் ‘டி’ என்ற ஒரே சுரம் 36 தாளக்கட்டுகளுக்கு அசையாமல் நிற்கிறது. தம்புரா ஸ்ருதியில் பழகிய நம் காதுக்கு இது அந்நியமாகவே படாது. நல்லவர்களின் உயிர் கடவுளின் கையில் பத்திரம் என்பது அங்கே வரும் வார்த்தைகளின் சாரம். அந்த அசையாத சுரம்தான் அந்தக் கை.

1867 டிசம்பர் 1 அன்று வியன்னாவில் முதல் மூன்று பகுதிகளை மட்டும் பாடியபோது கெட்டுப்போனதும் இந்த இடம்தான். டிம்பானிக்காரர் அந்த ஒற்றைச் சுரத்தை அளவு மீறி அடித்து, கொயரையே மூழ்கடித்துவிட்டார். அரங்கில் சிலர் சீறினார்கள். தாங்க வேண்டிய கை இடித்தால் எப்படி இருக்கும்!

நான்கு மாதம் கழித்து, 1868 ஏப்ரல் 10, புனித வெள்ளி. பிரேமன் கதீட்ரலில் பிராம்ஸே நடத்தினார். ஷூமனின் மனைவி கிளாரா வந்திருந்தார், பிராம்ஸின் அப்பாவும் வந்திருந்தார். வசனங்களில் கிறிஸ்துவின் பெயரே இல்லையே என்று கதீட்ரலின் இசைப் பொறுப்பாளர் கார்ல் ரைன்தாலருக்கு முன்பிருந்தே மனக்குறை. பிராம்ஸ் ஒரு வசனத்தையும் மாற்றவில்லை. அந்தக் குறையை ஆற்ற, ஹாண்டலின் ‘மெசையா’விலிருந்து ஒரு பாட்டை நடுவில் அமாலி யோவாகிம் பாடினார். நிகழ்ச்சி பெரும் வெற்றி. பிராம்ஸின் பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியது இதிலிருந்துதான்.

அன்று பாடியவை ஆறு பகுதிகள். எல்லோரும் பாராட்டிய பிறகும் அவருக்கு ஏதோ பாக்கி இருந்திருக்க வேண்டும். மே மாதம் இன்னொன்றை எழுதி ஐந்தாவதாகச் செருகினார். 1869 பிப்ரவரி 18 அன்று லைப்ஸிக்கில் ஏழும் சேர்ந்து முதன்முறையாக ஒலித்தன.

அந்த ஐந்தாம் பகுதியில் வயலின்கள் ம்யூட் போட்டு, குரல் கம்மினாற்போல வாசிக்கின்றன. இந்த முழுப் படைப்பிலும் சொப்ரானோ என்ற பெண் தனிக்குரல் பாடுவது இங்கே மட்டும்தான். மிக உயரத்திலிருந்து, உங்களை மறுபடி பார்ப்பேன் என்ற பொருளில் அவள் பாடுகிறாள். கொயர் அந்த வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வதில்லை. கீழே, தாழ்ந்த குரலில், அதற்கென்று வேறொரு வசனம்: தாய் தேற்றுவதுபோலத் தேற்றுவேன் என்கிற ஏசாயாவின் வாக்கு. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் கூடவே போகின்றன. பெரிய உச்சம் எதுவும் இல்லை. ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஏழு பகுதிகளில் கடைசியாக எழுதப்பட்டது இதுதான். அம்மா போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.