பாஸ்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன்

டெலிகிராமில் ஒரு விளம்பரம். வீடியோ காலில் பத்து நிமிட நேர்காணல். ‘பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட்டும் நாங்களே போட்டுவிடுவோம், இப்போதைக்கு டூரிஸ்டாகப் போங்கள், அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒரு குரல். பெங்களூரில் பட்டம் முடித்து வேலை தேடும் பிள்ளைகள் ஏமாறுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வாக்கியத்தில்தான்.

கணினி தெரிந்த இளைஞர்களைக் குறிவைத்தே தாய்லாந்து வேலை மோசடி நடக்கிறது என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. யார் காதில் விழுந்தது? 2025 மார்ச் 10 அன்று 283 பேரையும் மறுநாள் 266 பேரையும் தாய்லாந்தின் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் மீட்டு வர வேண்டியிருந்தது. எல்லைக்கு அப்பால் மியான்மரில், இணைய மோசடிக் கூடங்களில் சிக்கியிருந்தவர்கள் அவர்கள். அதற்கு முந்தைய ஆண்டு, வேறு வேலை என்று நம்பி ரஷ்யாவுக்குப் போன கர்நாடகத்தின் கலபுரகி இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் போய் நின்றார்கள்.

டூரிஸ்ட் விசாவிலோ, விசா இல்லாத சுற்றுலா நுழைவிலோ போய் வேலை செய்ய முடியாது. போனபின் மாற்றித் தருவதாக எவர் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும்.

1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, அரசிடம் பதிவு பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று அறிய அலைய வேண்டியதில்லை. ‘இ-மைக்ரேட்’ என்ற அரசு இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயர் இருக்கிறது என்றதும் நிம்மதியடைந்துவிடக் கூடாது. வேறொரு நிறுவனத்தின் பதிவு எண்ணைத் தன்னுடையதாகக் காட்டுபவர்கள் உண்டு. பட்டியலில் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும், எதிரே உட்கார்ந்திருப்பவருடையவைதானா? பதிவு இன்னும் காலாவதியாகவில்லையா? இந்த இரண்டையும் பார்த்தபிறகே பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுக்க வேண்டும்.

கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 35,400. ரசீது கட்டாயம். லட்சக்கணக்கில் கேட்பவருக்கு, அதுவும் தனிநபரின் கூகுள் பே எண்ணுக்கு, நகையை அடகு வைத்து அனுப்பும் குடும்பங்கள் ஒரு நிமிடம் ரசீது கேட்டிருந்தால் பாதி ஏமாற்றுக்காரர்கள் அங்கேயே ஓடியிருப்பார்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் அவர்களுக்குக் கட்டாயம். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். படித்தவர்களுக்கு இந்த அனுமதி தேவையில்லை. அதனால் அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. ஏஜென்டைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க அவர்கள் தலையிலேயே விழுகிறது.

ஏமாந்த பிறகு? காவல் நிலையத்துக்குப் போனால் ‘இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை’ என்பார்கள். அந்தப் பதிலோடு திரும்பி வரக் கூடாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு. மறுத்தால் அதே பிரிவின்படி உயரதிகாரிக்குப் புகாரைத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். குடிபெயர்வுச் சட்டத்தில் வழக்குத் தொடர மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்று சொல்லிக் கைகழுவுபவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவரோ, அவருக்காக அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று 27-ஆவது பிரிவே சொல்கிறது. மனுவிலேயே அந்தப் பிரிவின் எண்ணை எழுதிவிடுவது நல்லது.

வெளிநாட்டில் சிக்கியவருக்காக வீட்டார் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்தில் புகாரைப் பதியலாம். அந்த அமைச்சகத்தின் 1800 11 3090 என்ற இலவச உதவி எண்ணிலும் பேசலாம். அப்போது பாஸ்போர்ட் நகல், விசா, ஏஜென்டின் எண், பணம் அனுப்பிய ரசீது எல்லாம் கையில் வேண்டும். இவற்றின் நகல்களைப் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் கொடுத்துவிட வேண்டும். டெலிகிராம் உரையாடலை எதிராளி இரண்டு பக்கமும் அழித்துவிட முடியும். பேசிய அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும்.