விடுதி வாழ்வும் உடல் எடையும்

கல்லூரி விடுதியில் முதலாண்டைக் கழித்துத் திரும்பும் மகன் சற்றுப் பூரித்திருப்பது கண்டு மகிழும் பெற்றோர் பலர். அதன் காரணத்தை ஆராய்தல் நலம். தில்லி போன்ற வடபுல நகரங்களின் விடுதிகளில் காலையில் நெய்யூறிய பராட்டா, மாலையில் சமோசா, இரவுப் படிப்பினிடையே தேநீர். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருவது. மாவுச்சத்தோ 4 கலோரியே. இரு தேக்கரண்டிச் சர்க்கரையிட்ட தேநீரை நாளும் நான்கு குவளை அருந்துவோர், சுமார் 40 கிராம் சர்க்கரையை, அதாவது 160 கலோரியை, அறியாமலே உட்கொள்கின்றனர். என்றோ உண்ணும் விருந்தன்று, நாள்தோறும் சேரும் இச்சிறு மிகையே எடையைக் கூட்டுகிறது. உறக்கக் குறைவோ பசியை மேலும் தூண்டுகிறது. எனவே பட்டினி வேண்டா. பருப்பும் தயிரும் காய்கறியும் மிகுதியாக உண்டு, வாரம் 150 நிமிடமேனும் விரைந்து நடத்தல் போதும். “நன்றாகச் சாப்பிடுகிறாயா?” என வினவும் பெற்றோர், “நன்றாக உறங்குகிறாயா? நடக்கிறாயா?” என்றும் வினவுவார்களாக.