தாளம் தந்தோர் யார்?

"சுராங்கனி" என்னும் பாட்டைக் கேளாத தமிழ்க் குடும்பம் இலங்கையில் அரிது, தமிழகத்திலும் அரிது. கலியாண வீட்டில் விருந்து முடிந்ததும், பாடசாலைச் சுற்றுலாப் பேருந்து ஊரெல்லை கடந்ததும், யாரேனும் ஒருவர் அதனை எடுத்துக்கொடுப்பார். மற்றையோர் கைதட்டித் தொடர்வர். சிங்களமும் தமிழும் கலந்த அச் சொற்களின் பொருளை எல்லோரும் அறிவதில்லை. ஆயினும் கால்கள் அறிந்துகொள்கின்றன. அதனைப் பாடிய ஏ. ஈ. மனோகரனின் பெயர் பலருக்குத் தெரியும். அக் கால்களை ஆட்டுவிக்கும் தாளம் எவருடையது, எவ்வழியாக அது நம்மிடம் வந்து சேர்ந்தது என்று கேட்போரோ மிகச் சிலர். விடை தேடுவோர் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வருதல் வேண்டும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது பாசிக்குடா. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவுக்கு மேல் ஏறாத அமைதியான குடா அது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும், 2009 வரை நீடித்த போரினாலும் வெறிச்சோடிக் கிடந்த அக் கரையில், பின்னர் உல்லாச விடுதிகள் வரிசையாக எழுந்தன. இத்தகைய விடுதிகளில் விருந்தினரை மகிழ்விக்கும் இசைக்குழுவினர், மேனாட்டு றொக் பாட்டொன்றை முடித்த கையோடு பைலாவொன்றைத் தொடங்குவது இலங்கைக் கடற்கரையெங்கும் காணும் வழக்கமே. இரண்டிற்கும் யாதொரு உறவுமில்லை என்றே கேட்போர் எண்ணுவர். ஆராய்ந்து பார்ப்பின், இரண்டும் ஒரே வகையான வரலாற்றை உடையன. கடல் கடந்து வலிந்து கொணரப்பட்ட ஆபிரிக்க மக்களின் தாளம் இரண்டிலும் உண்டு. உழைத்துண்ணும் எளிய மக்களே இரண்டையும் வளர்த்தனர். புகழும் பொருளும் பெரும்பாலும் வேறிடம் சென்றன என்பதும் இரண்டிற்கும் பொதுவாகும்.

முதலில் அமெரிக்கக் கதையைப் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில், அடிமைகளாயிருந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் பருத்தித் தோட்டங்களில் உழைத்தனர். துயரையும் ஏளனத்தையும் காதலையும் கலந்து அவர்கள் பாடிய பாட்டே புளூஸ் ஆகும். ஓர் அடியைப் பாடி, அதனையே மீளவும் பாடி, மூன்றாம் அடியில் விடை கூறுவது அதன் பழகிய அமைப்பு. அதனைக் கேட்டு வளர்ந்த இளைஞர், குறிப்பாக இங்கிலாந்து இளைஞர், மின் கிற்றாரின் ஒலியைப் பன்மடங்கு பெருக்கி, முரசு அதிர முழங்கியபோது 'ஹார்ட் றொக்' என்னும் வன்முழக்க இசை பிறந்தது.

புளூஸ் பாடகருள் தலைசிறந்தவர் மடி வோட்டர்ஸ். மக்கின்லி மோர்கன்ஃபீல்ட் என்பது அவரது இயற்பெயர். மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்ரோவல் தோட்டத்திற் கூலி வேலை செய்துவந்த அவரை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திற்காக நாட்டார் பாடல்களைத் திரட்டிய அலன் லோமக்ஸ் 1941 இல் ஒலிப்பதிவு செய்தார். தமது குரலைத் தாமே தட்டிற் கேட்ட பின்னரே, பாட்டினால் வாழலாம் என்ற துணிவு அவருக்கு உண்டாயிற்று. 1943 இல் சிக்காகோ நகருக்குச் சென்றார். பகலில் ஆலையிலும் பாரவண்டியிலும் வேலை, இரவில் பாட்டு. மதுச்சாலைகளின் இரைச்சலுக்கு மேலே கேட்கவேண்டுமே என்பதற்காக மின் கிற்றாரைக் கைக்கொண்டார். 1950 இல் அவர் பாடி வெளியிட்ட பாட்டொன்றின் தலைப்பிலிருந்தே 1962 இல் 'றோலிங் ஸ்ரோன்ஸ்' என்னும் இங்கிலாந்துக் குழுவினர் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர். உலகம் குழுவை அறிந்த அளவுக்குப் பெயரின் மூலவரை அறியவில்லை.

பிக் மாமா தோர்ன்ரன் என்ற பாடகியின் கதை இன்னும் கசப்பானது. 'ஹவுண்ட் டோக்' என்னும் பாட்டை இரு இளம் பாடலாசிரியர்கள் அவருக்கென்றே எழுதினர். 1952 இல் அவர் பாடிப் பதிவு செய்த அப் பாட்டு, மறுவருடம் கறுப்பின மக்களிடையே முதலிடம் பெற்றது. 1956 இல் எல்விஸ் பிறெஸ்லி அதனைப் பாடியபோதோ இசைத்தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. தமக்குக் கிடைத்தது 500 டொலர்க் காசோலை ஒன்றே என்று தோர்ன்ரன் பிற்காலத்திற் கூறியுள்ளார். 1984 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வாடகை விடுதியொன்றில் அவர் வாழ்வு முடிந்தது.

பொறுத்திருந்து நியாயம் பெற்றவரும் உண்டு. வில்லி டிக்சன் இளமையிற் குத்துச்சண்டை வீரர், பின்னர் பாடலாசிரியர். அவர் எழுதிய பாட்டொன்றை 1962 இல் மடி வோட்டர்ஸ் பாடினார். 1969 இல் 'லெட் செப்பலின்' என்னும் வன்முழக்கக் குழு வெளியிட்ட பெரும்புகழ்ப் பாட்டொன்றில் அதன் சொற்கள் கலந்திருந்தன. டிக்சனின் பெயரோ இல்லை. 1985 இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1987 இல் அது நீதிமன்றத்திற்கு வெளியே இணக்கத்தில் முடிந்தது. இன்று அப் பாட்டின் ஆக்கியோர் பட்டியலில் அவர் பெயரும் இடம்பெறுகின்றது. புளூஸ் கலைஞர் தம் உரிமைகளை மீட்டுக்கொள்வதற்கு உதவும் நிறுவனம் ஒன்றையும் அவர் அமைத்துச் சென்றார்.

மிசிசிப்பி ஜோன் ஹேர்ட் என்பவரின் வரலாறு யாவற்றிலும் வியப்பானது. 1928 இல் சில பாட்டுகளை ஒலிப்பதிவு செய்துவிட்டு ஊர் திரும்பிய அவர், ஏறத்தாழ 35 ஆண்டுகள் வயல் வேலை செய்து வாழ்ந்தார். இசையுலகம் அவரை மறந்தது. ஒரு பாட்டில் மட்டும் 'அவலன்' என்று தம் ஊரின் பெயரைச் சொல்லியிருந்தார். இசை ஆர்வலர் ஒருவர் அவ்வூரைப் பழைய நிலப்படமொன்றிற் கண்டுபிடித்து, 1963 இல் நேரே சென்று கேட்டபோது, பாடகர் அங்கேயே உயிருடன் இருந்தார்! அவ்வாண்டிலேயே நியூபோர்ட் இசைவிழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். 1966 இல் இறக்கும்வரை மூன்றாண்டுகள் அவருக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது.

இனி நமது கரைக்குத் திரும்புவோம்.

போர்த்துக்கேயர் 1628 இல் மட்டக்களப்பின் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி பத்தாண்டுகளிற் போயிற்று. மொழியும் பாட்டும் போகவில்லை. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், தமிழரோடும் முஸ்லிம்களோடும் அடுத்தடுத்து வாழ்ந்து, தமக்கெனக் கலப்புப் போர்த்துக்கேய மொழியொன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்தனர். அன்றியும் போர்த்துக்கேயரும் பின்வந்த ஐரோப்பியரும் ஆபிரிக்காவிலிருந்து மக்களைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொணர்ந்தனர். காப்பிரியர் என்று அழைக்கப்பட்ட அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்திற்கு அண்மையிலுள்ள சிறாம்பியடியில் வாழ்கின்றனர். அவர்தம் பெயரிலிருந்தே 'கப்ரிஞ்ஞா' என்னும் இசையும் ஆட்டமும் பெயர் பெற்றன.

கப்ரிஞ்ஞாவின் உயிர் அதன் ஆறு எண்ணிக்கைத் தாளமாகும். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு, ஐந்து, ஆறு என்று மும்மூன்றாக எண்ணி, ஒன்றிலும் நான்கிலும் கைதட்டிப் பார்ப்பவர் அதன் ஊசலைத் தாமே உணர்வர். வயலின் மெட்டை எடுத்துச் செல்லும், கிற்றார் துணைநிற்கும், றபான் தாளம் காக்கும். மட்டக்களப்புப் பறங்கியரின் திருமணங்களில் மணமக்களும் உறவினரும் இணையிணையாக நின்று ஆடுவது நெடுங்கால மரபு. வாசித்தோர் தொழில்முறைக் கலைஞரல்லர். தச்சரும், கொல்லரும், இயந்திரம் திருத்துவோரும், சப்பாத்துத் தைப்போரும் இச்சமூகத்திற் பலர். பகலில் உளி பிடித்த கையே இரவில் வில் பிடித்தது. சிக்காகோவில் மடி வோட்டர்ஸ் நடத்திய வாழ்வும் ஏறக்குறைய இதுவே. அவரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு ஒருவர் வந்தார். வாவிக்கரையில் வாசித்த பலரிடம் எவரும் வரவில்லை.

கப்ரிஞ்ஞாவின் தாளத்திலிருந்து பைலா கிளைத்தது. கொழும்பிற் காவற்படையிற் பணியாற்றிய வொலி பஸ்தியன் அத் தாளத்திற்குச் சிங்களச் சொற்களை இசைத்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனை நாடறியச் செய்தார். பைலாவின் தந்தை என்று சிங்கள மக்கள் அவரைப் போற்றுவர். 1960 களின் பிற்பகுதியில் அவ்வலை தமிழையும் தொட்டது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' ஆகிய பாட்டுகளால் தமிழ்ப் பொப் இசைக்கு வழி திறந்தார். பின்னர் அவர் ஆஸ்திரேலியாவிற் குடியேறினார்.

ஏ. ஈ. மனோகரன் இக்கலையையே வாழ்வாகக் கொள்ளத் துணிந்தவர். 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று இலங்கை இரசிகர் அவரை அழைத்தனர். 'சிலோன் மனோகர்' என்ற பெயருடன் இந்தியாவிலும் மேடையேறினார். திரைப்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். சுராங்கனியின் மெட்டு 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற தமிழ்ப் படத்தில் இளையராஜாவின் இசையமைப்பில் ஒலித்தது. 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையிற் காலமானார்.

இவர்களுள் எவரையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. பாட்டு கைமாறித்தான் வாழும். வேலியிட்டுக் காத்த பாட்டு வீட்டுக்குள்ளேயே மடியும். எல்விஸ் பாடியதனாற் புளூஸ் குன்றவில்லை. மனோகரன் பாடியதனால் அத் தாளம் கடல் கடந்தது. ஆயினும் கொண்டவர் பெயர் விளங்கும்போது கொடுத்தவர் பெயரும் விளங்குதல் முறையன்றோ? அமெரிக்கப் பாடகருக்கு இசைத்தட்டு என்ற சான்று இருந்தது. ஆகவே டிக்சன் வழக்காட முடிந்தது. ஹேர்ட்டைத் தேடிச்செல்ல முடிந்தது. மட்டக்களப்பின் வயலின் வாசிப்போருக்கு அத்தகைய சான்று மிகக் குறைவு.

முற்றிலும் இல்லை என்பதற்கில்லை. பிரித்தானிய அதிகாரியாயிருந்த ஹியூ நெவில் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைப் போர்த்துக்கேயப் பாட்டுகளைத் திரட்டினார். அக் கையெழுத்துப்படி பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. மட்டக்களப்புப் பாட்டு என்றே அதில் ஒரு பகுதி உண்டு. அமெரிக்க அறிஞர் கென்னத் டேவிட் ஜாக்சன் 1990 இல் அப் பாட்டுகளை ஆராய்ந்து நூலாக்கினார். லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோவும் அவர்தம் குழுவினரும், 2015 ஆம் ஆண்டிலிருந்து சில ஆண்டுகள், மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியரின் பேச்சையும் பாட்டையும் ஒலி, ஒளிப் பதிவுகளாகச் சேமித்தனர்.

இவ்வாறு தேடிவந்தோர் யாவரும் தொலைதேசத்தார் என்பதை நம் மாணவர் கவனித்தல் வேண்டும். காலமோ காத்திருக்கவில்லை. பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவிற்குப் பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை டச்பார்க் கரையைத் தாக்கியபோது அங்கு வாழ்ந்த பறங்கியர் பலர் மாண்டனர். இன்று இளந்தலைமுறையினர் பெரும்பாலும் தமிழே பேசுகின்றனர். பழைய மொழி முதியோர் நாவிலேயே தங்கியுள்ளது. மொழி அகன்றால் மெட்டு எஞ்சக்கூடும். ஆனால் அம் மெட்டு என்ன சொல்லிற்று என்பதை எடுத்துரைக்க ஆளிராது.

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேனாடு' என்கிறோம். கல்லடிப் பாலத்தருகே நிலவொளியில் மீனின் இசையைக் கேட்கவென்று தொலைவிலிருந்தும் வருவோர் உளர். அதே வாவிக்கரையில் மனிதர் பாடியதைக் கேட்டு எழுதுவதற்கு நிலவும் வேண்டியதில்லை, படகும் வேண்டியதில்லை. கிழக்கிலங்கை மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இப்போது கைத்தொலைபேசி இருக்கின்றது. 1941 இல் லோமக்ஸ் வண்டியில் ஏற்றிச் சென்ற பாரமான கருவியின் வேலையை அது எளிதிற் செய்யும். அயல்வீட்டில் றபான் வாசிக்கும் முதியவர் ஒருவர் இருப்பின், அவரது அனுமதியோடு பதிவு செய்யலாம். பாட்டின் பெயர் யாது, எம்மொழி, யாரிடம் கற்றார், எந்த ஊரில், எவ்வாண்டில் என்னும் ஐந்து கேள்விகளைக் கேட்டு விடைகளை அவர் சொன்னவாறே எழுதிவைக்கலாம். பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதியும் அவர் வீட்டில் ஒரு பிரதியும் இருப்பின் போதும்.

அவலன் என்ற ஊர்ப்பெயர் ஒரு பாட்டில் இருந்தமையாலேயே ஜோன் ஹேர்ட் கண்டெடுக்கப்பட்டார். மட்டக்களப்பின் கலைஞர் பெயர்களும் எங்கேனும் ஓரிடத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அவர்கள் உயிருடன் இருக்கும்போதே எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.