சொல்பவர் யார்? போலியோ ஒழிப்பு தந்த பாடம்

பிறரை ஒரு கருத்துக்கு இணங்கச் செய்யும் வழிகளைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே மூன்றாக வகுத்தார். சொல்பவரின் நம்பகத்தன்மை, சொல்லப்படும் காரணம், கேட்பவர் உள்ளத்தில் எழும் உணர்ச்சி என்பன அவை. இவை ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்துள்ளன என்பதை, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்து இயக்கம் கண்ட அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

1995ஆம் ஆண்டில் நாடெங்கும் தொடங்கப்பெற்ற இவ்வியக்கம் பல மாநிலங்களில் விரைவிலேயே பயன் அளித்தது. எனினும் 2002ஆம் ஆண்டில் நாட்டில் ஏறத்தாழ 1,600 குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்தினர். மருந்து இருந்தது, ஊழியர்கள் வீடு தேடிச் சென்றனர், பல வீடுகளில் கதவுதான் திறக்கவில்லை.

மறுத்தவர்களை அறியாமையில் உழல்பவர்கள் என்று அறிக்கையில் எழுதிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் கேட்டவை நியாயமான கேள்விகளே. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து தேடி அலைய வேண்டியிருக்க, நாம் கேளாத இம்மருந்து மட்டும் ஏன் மீண்டும் மீண்டும் வாசலுக்கு வருகிறது? இது பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மருந்து என்ற வதந்தியும் பரவியது. 1975–77 நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையின் நினைவு மறையாத ஊர்களில் அவ்வதந்தி எளிதில் வேரூன்றியது.

கேள்விக்கு விடை இல்லாமல் இல்லை. மக்கள் நெருக்கமும் சுகாதாரக் குறைவும் வயிற்றுப்போக்கும் மிகுந்த அப்பகுதியில் ஒரு தவணை மருந்து தரும் பாதுகாப்பு மிகக் குறைவு. எனவே பல தவணைகள் தேவைப்பட்டன. ஆயினும் ஜீப்பிலிருந்து இறங்கும் அறிமுகமில்லாத அலுவலர் இதைச் சொன்னபோது ஐயம் தீரவில்லை.

உணர்ச்சிக்கும் இடமிருந்தது. நடிகர் அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் பெற்றோரைக் கடிந்துகொண்டு பேசிய விளம்பரங்கள் நாடறிந்தவை. சோம்பலாலும் மறதியாலும் வராதவர்களை அவை அழைத்து வந்திருக்கும். அஞ்சி மறுத்தவர்களுக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

அதனை அளித்தவர்கள், யுனிசெஃப் ஆதரவுடன் அமர்த்தப்பட்ட, பெரும்பாலும் அதே தெருக்களில் வாழும் பெண்கள். எந்த வீட்டில் குழந்தை பிறந்துள்ளது என்பதை அவர்கள் அறிவர். கைகழுவுதல், தாய்ப்பால், வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றையும் அவர்கள் பேசினர். பள்ளிவாசல்களில் இமாம்கள் அறிவித்தனர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியா இஸ்லாமியாவும் துணை நின்றன. குழந்தை விடுபட்ட வீட்டுச் சுவரில் ‘எக்ஸ்’ என்றும், எல்லாக் குழந்தைகளும் மருந்து பெற்ற வீட்டில் ‘பி’ என்றும் சுண்ணக்கட்டியால் குறிப்பது வழக்கம். ‘எக்ஸ்’ வீடுகளுக்கு இப்பெண்கள் திரும்பத் திரும்பச் சென்றனர். முன்பு அலுவலர் சொன்ன அதே காரணம் இப்போது செவியேறியது.

இயல்பாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் கடைசியாகப் பாதிக்கப்பட்டது மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துப் பெண் குழந்தை. நாள் 2011 ஜனவரி 13. 2014 மார்ச் 27இல் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. பின்னர் அதே பெண்களில் பலர் பிற தடுப்பூசிகளைப் பற்றிப் பேச அதே வாசல்களுக்குச் சென்றனர்.