காக்காவைக் காட்டினால் பார்க்கிறதா?

சோறு ஊட்டும்போது எல்லா அம்மாக்களும் செய்வதுதான். "அதோ பாரு, காக்கா!" என்று மதில் சுவரைக் காட்டுவார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை விரல் போகும் திசையில் திரும்பும். காக்காவைப் பார்த்துவிட்டு, உடனே அம்மாவின் முகத்தையும் ஒருமுறை பார்க்கும், 'நானும் பார்த்துட்டேன்' என்பதுபோல. அந்த இரண்டாவது பார்வையைக் கவனியுங்கள். பிறகு வரப்போகும் பேச்சுக்கு அடித்தளம் அதுதான்.

சில குழந்தைகள் திரும்புவதில்லை. அலமாரியில் இருக்கும் பிஸ்கட் டப்பா வேண்டுமென்றால் விரல் நீட்டிக் கேட்காமல், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் டப்பாவின் மேல் வைப்பார்கள். முகத்தை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பெயர் சொல்லிப் பத்து முறை கூப்பிட்டாலும் அசையாத குழந்தை, அடுக்களையில் பிஸ்கட் கவர் சரசரத்தால் ஓடி வரும். "காது நல்லாத்தான கேக்குது" என்று வீட்டில் நிம்மதி அடைகிறார்கள். "அவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்", "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்கிறார்கள். நாக்கில் வசம்பு தேய்க்கிறார்கள், தெருவில் வரும் கழுதைப்பாலை வாங்கிச் சங்கில் புகட்டுகிறார்கள். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். ஆனால் மூளை மிக வேகமாக வளரும் இரண்டு வருடங்கள் அதில் போய்விடுகின்றன. அதுதான் மனதை வருத்துகிறது. இந்த அறிகுறிகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய ஆட்டிசம், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. ஆகவே, ஆண் குழந்தை பேசாவிட்டால் முன்கூட்டியே மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

ஆட்டிசத்தைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 'எம்-சாட்' என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் உலகமெங்கும் பயன்படுகிறது. காட்டினால் பார்க்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, மற்ற குழந்தைகளிடம் ஆர்வம் இருக்கிறதா என்று பெற்றோரிடமே கேட்பார்கள். மதிப்பெண் 0 முதல் 2 வரை என்றால் அபாயம் குறைவு. குழந்தைக்கு இரண்டு வயது ஆகவில்லை என்றால், ஆனபின் இன்னொரு முறை கேட்க வேண்டும். 3 முதல் 7 வரை வந்தால், சந்தேகம் எழுந்த கேள்விகளை மட்டும் மறுபடி உதாரணங்களோடு விரிவாகக் கேட்பார்கள். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக நிபுணரிடம் அனுப்புவார்கள்.

மதிப்பெண் கூடிவிட்டால் ஆட்டிசம் என்று முடிவாகிவிடாது. இது சல்லடை மட்டுமே. காது மந்தமாக இருக்கலாம், பேச்சு மட்டும் தாமதமாகலாம். அதனால் செவித்திறன் பரிசோதனையைத் தவறாமல் செய்யச் சொல்லுங்கள். எந்த வயதிலும், பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை இழந்தால், படிவத்துக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதற்கு மூலம், 'லான்செட்' இதழில் 1998-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. அதை 2010-இல் அந்த இதழே திரும்பப் பெற்றது. பிறகு லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகளிலும் அப்படி ஒரு தொடர்பு தென்படவில்லை. அம்மா வேலைக்குப் போனதால் வந்தது என்பதும் பொய். தாய்மேல் பழி போடும் அந்தப் பேச்சை வீட்டிலுள்ள பெரியவர்கள்தான் நிறுத்த வேண்டும்.

எங்கே போவது? 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு, அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வர வேண்டும். வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிவதும் அதன் வேலை. அங்கிருந்து மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்புவார்கள், சேவை இலவசம். சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சியையும் ஆக்குபேஷனல் தெரபியையும் தொடங்க, ஆட்டிசம் என்று எழுதிய சீட்டு கையில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பயிற்சி தேவைப்படாத குழந்தை என்று பிறகு தெரிந்தாலும் நஷ்டமில்லை.

"முழுசாகக் குணப்படுத்துகிறோம்" என்று ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ரத்தம் சார்ந்த சில நோய்களுக்குத் தவிர வேறெதற்கும் அதை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் அனுமதிப்பதில்லை. நகையை அடகு வைக்குமுன் அரசு மருத்துவமனைக் குழந்தைநல மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 ஆட்டிசத்தையும் பட்டியலிட்டிருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு காட்டாமல் இடம் தர வேண்டும். பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்றிதழ் பெற்றால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு. "எங்களால பாத்துக்க முடியாது" என்று பள்ளி சொன்னால் எழுத்தில் கேளுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், தீராவிட்டால் மாநில ஆணையரிடமும் மனு கொடுங்கள்.

இன்றைக்கே குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய ஊசி ஒன்று அதில் இருக்கும். எம்-சாட் கேட்க வேண்டிய வயதுக்குள்தான் அதுவும் வருகிறது. அன்று ஊசி போட்டதும் எழுந்து வந்துவிடாமல், "இவன் காட்டினா பாக்க மாட்டேங்கிறான், கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான்" என்று செவிலியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் "போகப்போகச் சரியாயிடும்" என்றால், மருத்துவரைப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.